வலப்பக்கத்தில் நான் எழுதிய வரி

"14.5.2006, ஞாயிறு. பூரண சுகம். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்."

சிவப்பு மையில், என் கையெழுத்தில், எங்கள் ஜெபக்குழு நோட்டின் வலப்பக்கம் ஒன்றில் இந்த வரி இருக்கிறது. அதற்கு நேராக இடப்பக்கத்தில், நீல மையில், ஆறு மாதம் முந்தைய வரி: "5.11.2005, சனி. எழுதுபவரின் மனைவி. இடது மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை நல்லபடி முடியவும், முழுச் சுகம் கிடைக்கவும்." இரண்டில் நீல வரி உண்மை. சிவப்பு வரி பொய். எழுதியபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மாலை தெரிந்தது. தெரிந்த பிறகும் ஏழு மாதத்துக்கும் மேல் அதை அப்படியே விட்டுவைத்தேன். நான் இங்கே எழுதப்போவது அந்த மாதங்களைப் பற்றியும் அவற்றின் முடிவில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும்தான்.

முதலில் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் வேஸ்ட் குடோனின் மாடியில், வாடகை ஹாலில் எங்கள் சபை கூடியது. பாதிப் பேர் எங்களைப் போலத் தெற்கேயிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்கள். மீதிப் பேர் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே தலைமுறைகளாக இருந்துவரும் கிறிஸ்தவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அங்கே சொல்லப்படும் விண்ணப்பங்களைத் தேதி போட்டு இடப்பக்கத்தில் எழுத வேண்டும். பதில் கிடைத்தால் நேர் எதிரே வலப்பக்கத்தில் சிவப்பு மையில் அந்தத் தேதி. பதில் வந்த விண்ணப்பம் முடிந்துபோனது; அடுத்த சனிக்கிழமை பட்டியலில் அதை வாசிக்க மாட்டோம். வருடத்தின் கடைசி ஞாயிறு காலை ஆராதனையில் வலப்பக்கங்களை மட்டும் சபை முன்னால் வரிசையாக வாசிப்போம். ஒவ்வொரு வரிக்கும் சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். எழுதுவதும் வாசிப்பதும் ஆறு வருடமாக என் பொறுப்பு. தேதி தவறாமல் குறித்து வைக்கும் புத்தி எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அதனால்தான் கொடுத்தார்கள்.

"கல்யாணத்தன்னைக்கே கடியாரத்தைப் பாத்துட்டுத்தான தாலி கெட்டுன ஆளு" என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அது உண்மைதான். பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

நான் அப்போது ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு பீஸை உள்பக்கம் திருப்பி, தோள் தையல், கழுத்துப்பட்டி, அடி மடிப்பு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்க்காமல் பாஸ் சொல்ல மாட்டேன். சந்தேகம் வந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அவள் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவள் தைத்ததில் நான் ஸ்டிக்கர் ஒட்டிய நாளில் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு கொஞ்சம் சத்தமாகத் தரையில் விழும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. சண்டை போடவும் சமாதானமாகவும் நாங்கள் இருவர்தான்.

நவம்பர் கடைசியில் கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, மறுபடி பொடிப்பொடியாக வளர்ந்தது. ஏப்ரலில் அவள் மெஷினுக்குத் திரும்பினாள். மே பத்தாம் தேதி, புதன்கிழமை, திருப்பூரிலேயே ஒரு லேபில் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டை இரண்டு மூன்று நாளில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

ரிப்போர்ட் என் கண்ணில் படுவதற்கு முன் ஞாயிறு வந்தது. சாட்சி சொல்லும் நேரத்தில் அவள் எழுந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

"ஆறு மாசமா எனக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. அது என்னை விட்டுப் போயிட்டு. ஆஸ்பத்திரியில என்ன சொன்னாலும் சரி, ஆண்டவர் கூட இருக்காரு. அவருக்கு ஸ்தோத்திரம்."

ஹாலில் கைத்தட்டல் எழுந்தது. சிலர் அழுதார்கள். எங்கள் போதகர் நல்ல மனிதர். பொங்கிவந்த சந்தோஷத்தில் கையை உயர்த்தி, "சகோதரிக்குப் பூரண சுகம்!" என்றார். சபை "ஆமென்" என்றது. நான் அந்த இடத்திலேயே நோட்டைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

அவள் சொன்னது பயம் போனது என்று. நான் எழுதியது சுகம் வந்தது என்று. சரித்திரம் எழுதுகிறவர்கள், சம்பவம் நடந்த அன்றே எழுதிய குறிப்பை நம்பலாம், காலம் கடந்து எழுதியதைச் சந்தேகிக்க வேண்டும் என்பார்கள். நானும் நிறையப் படித்து அதை நம்பியவன்தான். என் விஷயத்தில் அன்றே எழுதியதுதான் பொய்.

திங்கள் மாலை, டீ குடித்து முடித்த பிறகு, அவள் அந்தப் பெரிய கவரை என்னிடம் கொடுத்தாள். நான் ஆங்கிலத்தில் இருந்ததை இரண்டு முறை படித்தேன். ஈரலில் மூன்று இடத்தில் பரவியிருந்தது.

"நோட்டை எடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சிவப்புல என்னமோ எழுதியிருக்கியளாமே. அதை அடிச்சிருங்க. நான் சொகமாயிட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

"விசுவாசத்துல எழுதுனது. அடிச்சா விசுவாசத்தையே அடிச்ச மாதிரி."

"கம்பெனியில பீஸைப் பாக்காமப் பாஸ் போட்டா ஒங்களைச் சும்மா விடுவாவளா?"

நான் ரிப்போர்ட்டை மடித்துக் கவருக்குள் வைத்தேன்.

"ஆண்டவரு கையெழுத்துப் போடாத எடத்துல நீங்க போட்டுட்டிய" என்று சொல்லிவிட்டு டீ கிளாசுகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று இரவே எனக்கு வாதங்கள் கிடைத்துவிட்டன. வாயால் அறிக்கை செய்ததை மாற்றினால் கையில் வந்த ஆசீர்வாதம் போய்விடும் என்று கேட்டிருந்தேன். மறுநாள் போதகரிடம் ரிப்போர்ட்டைப் பற்றி வாயைத் திறக்காமல், "எழுதுனதை மாத்தலாமா பாஸ்டர்?" என்று பொதுவாகக் கேட்டேன். "சந்தேகத்துக்கு இடம் குடுக்காதீங்க பிரதர்" என்றார். அவர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். ஆகவே குற்றம் அவருடையதல்ல. உண்மையைச் சொல்வதானால் அது விசுவாசமும் அல்ல, பயம். அந்த வரியை அடித்தால் அவள் செத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளை விட்டுப் போன பயம் எங்கும் போகவில்லை, என்னிடம்தான் வந்து சேர்ந்தது.

அந்தச் சிவப்பு வரியால் என்ன நடந்தது என்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். பதில் வந்த விண்ணப்பத்தை வாசிக்கக் கூடாது. ஆகவே மே இருபதாம் தேதி சனிக்கிழமையிலிருந்து பட்டியலில் அவள் இல்லை. நானே வாசித்தேன், நானே விட்டேன். ஒருவருடைய மகன் குடியை விட வேண்டும், ஒருவருக்குக் கிணற்றில் தண்ணீர் வர வேண்டும், ஒருவருக்குப் பாஸ்போர்ட் கிடைக்க வேண்டும். எல்லோருக்காகவும் எல்லோரும் மன்றாடினோம். நடுவில் என் மனைவி முழங்காலில் இருந்தாள், ஈரலில் மூன்று புள்ளிகளோடு, ஒருவரும் அவளுக்காக ஜெபிக்காதபடி.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை (என் குறிப்பில் 22 என்று இருக்கிறது) எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் வேலை செய்யும் ஒரு சகோதரி வீட்டில் கூட்டம். அவர் சாமளாபுரத்துக்காரர், வாய் நிறையப் பேச்சு. நான் பட்டியலை முடித்ததும் என் மனைவி மெல்ல, "எனக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கு" என்றாள்.

"அட, அக்காளுக்குத்தான் சொகமாயிருச்சுங்களே!" என்று அந்தச் சகோதரி கையைத் தட்டினார். "ஒரு தடவ வாங்கீட்டு மறுக்காவும் வரிசையில வந்து நிக்கறீங்க பாருங்க. எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வெய்யுங்கக்கா!"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். நான் பேனாவைப் பிடித்தபடி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் சொல்வதற்கு அவள் கொடுத்த இடம் அது. நான் சொல்லவில்லை.

"எனக்கில்ல" என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு. ரொம்பப் பயப்படுதாரு. என்னத்துக்குன்னு கேக்காதிய. பயம் போவணும்னு மட்டும் ஜெபிங்க."

"அண்ணனுக்குப் பயமா? கம்பெனியில நாங்கதானுங்க அவரைப் பாத்தாப் பயந்துக்கறோம்" என்றார் அந்தச் சகோதரி. மறுபடி சிரிப்பு. பிறகு உண்மையாகவே கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார்கள். அந்த விண்ணப்பத்தையும் இடப்பக்கத்தில் நானே எழுத வேண்டியிருந்தது.

அவள் ஆகஸ்டு வரை மெஷினில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூர் போய்வருவதைச் செக்கப் என்று சொன்னோம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கேட்டால், "கர்த்தர் கிருபையில இருக்கேன்" என்பாள். பொய் சொல்லாமல் தப்பிக்க அவள் கண்டுபிடித்த வார்த்தை அது. மெலிவதை மறைக்க உள்ளே இரண்டு பனியன் போட்டுக்கொண்டாள். அவளே ஓவர்லாக் அடித்தவையாகக்கூட இருக்கலாம்.

உண்மையைத் தெரிந்துகொண்டவர் ஒருவர்தான். எங்கள் வீட்டுக்கார அம்மா. அவர் கிறிஸ்தவர் அல்ல. ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலிலேயே நிறுத்தினார்.

"ஏனுங்க, அம்மிணி இப்பிடி எளைச்சுப் போயிருக்குது, நீங்க என்னமோ சொகமாயிருச்சுன்னு சொல்லீட்டுத் திரியறீங்களாமா?"

"யாருங்க சொன்னது?"

"அதுதான் சொல்லுச்சு. என்ற மடியில தலைய வெச்சுட்டு ஒரு மூச்சு அழுதுச்சுங்க. சாவறதுக்கு அழுவலீங்க. 'எனக்காக யாருமே வேண்டிக்கிடலியே'ன்னு அழுவுது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு உங்க செபமெல்லாம் தெரியாதுங்க. மாரியம்மன் கோயல்ல வெளக்குப் போட்டுட்டு வந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் உள்ளே போனேன். அவள் படுத்திருந்தாள். அவளே, "அந்த அம்மா நல்லவுக. வெளக்குப் போட்டாவளாம். ஆண்டவரு அவுகளை ஆசீர்வதிக்கட்டும்" என்றாள். என்னைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதாவது நோட்டை எடுத்திருக்கலாம். எடுத்தேன். பேனாவையும் திறந்தேன். அவள் கண்ணை மூடியபடியே, "இப்ப அடிக்காதிய" என்றாள். "இப்ப அடிச்சா எனக்காவ அடிப்பிய. ஆண்டவரு முன்னால நிக்க முடிஞ்ச அன்னைக்கு அடிங்க." நான் மூடிவைத்தேன். இதையும் ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பரில் சபைக்குப் போவது நின்றது. காய்ச்சல் என்று சொன்னேன். விடியற்காலையில் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து அவளே ஜெபிப்பாள். கேட்பது எதுவும் காதில் விழாது. இடையிடையே "ஸ்தோத்திரம்" மட்டும் கேட்கும். எதற்கு என்று ஒருநாள் கோபத்தோடு கேட்டேன். "எதுக்குன்னு இருக்கா என்ன? ராத்திரி கூட இருந்தாருல்லா" என்றாள்.

17.10.2006, செவ்வாய், காலை 9.20. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. எங்கள் சந்தில் எல்லாக் கம்பெனிகளும் சரக்கு முடிக்கும் அவசரத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கடைசியாகக் கேட்டது நான் சாப்பிட்டேனா என்று. இல்லை என்றேன். மூச்சு நின்றதும் நான் முதலில் செய்தது கைக்கடிகாரத்தைப் பார்த்தது. அப்படிச் செய்த கையை வெட்டிப்போடலாமா என்றிருந்தது.

அடக்கத்துக்குச் சபை முழுவதும் வந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சுகமானவள் எப்படிச் செத்தாள்? வீட்டுக்கார அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் பெண்களிடம் சொல்லிவிட்டார். அதன்பின் ஏழு வாரம் நான் சபைக்குப் போகவில்லை. ஜெபிக்கவும் இல்லை. கடவுள் இல்லை என்று நினைத்தேன் என்று சொல்ல முடியாது. அவர் இருந்தார், அவர் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு முகம் இல்லை.

டிசம்பரில் பேக்கிங் சகோதரி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்ணா, அக்காளுக்காக எங்களைக் கேட்டிருந்தா நாங்க செபிச்சிருக்க மாட்டோமுங்களா? மறுக்காவும் வரிசையில நிக்கறீங்கன்னு நான் கேலி பண்ணீட்டேனுங்களே. அன்னைக்கு அது எதுக்கு வாயத் தொறந்துச்சுன்னு இப்பத்தானுங்க தெரியுது. அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குதுங்க."

அந்தச் சிரிப்பின் பாவத்தை அவர் சுமந்துகொண்டிருந்தார். அது என்னுடையது. நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் சாகும்வரை சுமப்பார். அன்று சாயங்காலம், ஏறக்குறைய ஏழு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை ஆண்டவரிடம் சொன்னேன். முழங்காலில்கூட இல்லை, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து. நீர் சுகம் தரவில்லை, தருவதாகச் சொல்லவும் இல்லை, நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் பயம் இல்லாமல் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

31.12.2006, ஞாயிறு, காலை ஆராதனை. போதகர் முன்னதாகவே என்னைத் தனியே அழைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இந்த வருஷம் நான் வாசிச்சிடறேன் பிரதர். அந்த ஒரு வரியை விட்டுட்டு."

"வேண்டாம் பாஸ்டர். நானே வாசிக்கேன். விடவும் மாட்டேன்."

அவர் நோட்டை என் கையில் கொடுத்தார்.

வரிசையாக வாசித்தேன். ஒருவருடைய காதில் சீழ் நின்றது, ஸ்தோத்திரம். ஒருவருடைய மகன் பத்தாவது தேறினான், ஸ்தோத்திரம். காணாமல்போன தம்பி மடத்துக்குளத்தில் கிடைத்தான்; ஸ்தோத்திரம். சபை ஒரு தாளத்தில் வந்துவிட்டது. அப்போது அந்தப் பக்கம் வந்தது.

"14.5.2006" என்று வாசித்தேன். "என் மனைவிக்குப் பூரண சுகம் என்று இங்கே எழுதியிருக்கிறேன். அது தவறு. அவள் அப்படிச் சொல்லவில்லை. மறுநாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் அடிக்கவில்லை. அதனால் நீங்கள் யாரும் அவளுக்காக ஜெபிக்க முடியாமல் போயிற்று. அவள் கேட்க வந்த அன்றும் நான் வாயை மூடியிருந்தேன். சிரித்தவர்கள் மேல் குற்றம் இல்லை. சுகம் கிடைக்கவில்லை. அக்டோபர் பதினேழு காலை அவள் கர்த்தரிடம் போனாள்."

நான் நிறுத்தினேன். வாசிப்பு நின்றால் சொல்லிப் பழகிய நாக்குகள் சில, பின்வரிசையிலிருந்து, "ஸ்தோத்திரம்" என்றன. சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவர்களுக்கே உறைத்தது. யாரோ வாயைப் பொத்தினார்கள். ஒரு பெண் விம்மத் தொடங்கினார். போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் நான் எதிர்பார்க்காதது. சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, கேட்டது கிடைக்காமலே, அவள் தினமும் சொன்ன வார்த்தை அது. சொல்லக்கூடாத இடத்தில் அவர்கள் தவறிச் சொல்லிவிட்டார்கள். அவளோ தெரிந்தே சொன்னாள். நானும் சொன்னேன். சத்தம் சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. அதன்பின் முதலில் எழுந்து நின்று சொன்னது பேக்கிங் சகோதரி. மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். மேடையிலேயே அந்தச் சிவப்பு வரியைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தேன், கீழே இருப்பது படிக்கும்படியாக.

எங்கள் சபையில் ஜெயம் என்ற வார்த்தை அடிக்கடி புழங்கும். சுவரில் பேனரிலும் இருந்தது. வியாதி போனால் ஜெயம், வேலை கிடைத்தால் ஜெயம். எனக்குக் கிடைத்தது எது என்று கேட்டால், மனைவியை இழந்து, அவளுக்கு நான் செய்ததை அறிந்து, அதோடு ஆண்டவர் முன்னால் நிற்க முடிந்தது. இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு அவளைத் திரும்ப வாங்க முடியாது. வாங்க முடிந்தால் உடனே கொடுத்துவிடுவேன் என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அவளுடைய துணிகளை எடுத்து வைத்த நாளில் அந்த ஸ்கேன் கவரை மறுபடி பார்த்தேன். ரிப்போர்ட்டின் மேல் மூலையில் அச்சான தேதி 12.5.2006, வெள்ளி. எனக்குக் காட்டியது திங்கள். கம்பெனியில் அவளுடைய வருகை அட்டையைத் தேடி எடுத்தேன். 13ஆம் தேதி சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் பெர்மிஷன், காரணம் எழுதவில்லை. 2008இல் அந்த லேபுக்குப் போய், ரிப்போர்ட் வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டரைக் கேட்டேன். இடம் மாறியபோது பழையவற்றைக் கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். லேபில் அன்று வேலை பார்த்தவர்கள் யாரும் இப்போது அங்கில்லை. திங்களன்று கவரைக் கொடுக்கையில் அதை என்று வாங்கினாள் என்று அவள் சொன்னாளா என்பது என் குறிப்பில் இல்லை, நினைவிலும் இல்லை. ஆகவே மே பதினான்காம் தேதி காலை, பயம் போய்விட்டது என்று சொல்ல அவள் எழுந்தபோது அந்த ரிப்போர்ட்டைப் படித்திருந்தாளா, இல்லையா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.